மோட்டார் வைத்தியத்தின் ஒரு சிறு சரித்திரம்

அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன சாஸ்திரி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தார் கண்ணைக் கரிக்கவைத்த புகைமூட்டத்தின் பக்கம் கவனத்தைத் திருப்பி, மோட்டார் வண்டிகள் கக்கும் வாயுக்களும் எரியாத பெட்ரோல் ஆவியும் சூரிய ஒளியில் கலந்து மாறுவதே அதன் மூலகாரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். அதுவரை எஞ்சினின் சத்தத்தையும் புகையின் நிறத்தையும் ஸ்பார்க் பிளக்கில் படிந்த கரியையும் கொண்டு கோளாறை நிர்ணயித்துவந்த மெக்கானிக்கின் தொழில், அந்த நிரூபணத்தால் மெல்ல மெல்ல உருமாறியது. புகையைக் கட்டுப்படுத்தும் பொருட்டுக் கலிஃபோர்னியா அரசு, 1988-ஆம் வருஷத்து மாடல்கள் முதல், தன் குறையைத் தானே அறிந்து விளக்கேற்றிச் சொல்லும் சக்தி வண்டிக்கு இருக்க வேண்டும் என்று விதித்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் அனைத்திலும் கோளாறுகளைச் சொல்லும் ஒரே மாதிரியான குறியீடுகள் வந்தன.

பெட்ரோல் டாங்கியிலிருந்து ஆவி கசிகிறதா என்பதையும் வண்டியே சோதிக்க வேண்டியதாயிற்று. ஆவியின் அழுத்தமோ உஷ்ணத்தைப் பொறுத்தது; ஆகவே பல வண்டிகளில் எரிபொருளின் உஷ்ணத்தை அறியும் சென்சார் ஒன்று இடம்பெற்றது. டீசல் வண்டியில் அதற்கு வேறு காரியம்: சூடேறிய டீசல் அடர்த்தி குறைவதால், பீச்சும் அளவைக் கம்ப்யூட்டர் அதற்கேற்பத் திருத்த வேண்டும். சூடேறச் சூடேற மின்தடை குறையும் தெர்மிஸ்டரே இந்தச் சென்சாரின் உயிர்நாடி. அந்த விசித்திர குணத்தை வெள்ளி சல்பைடில் மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கண்டு எழுதிவைத்திருந்தார்.

இந்தச் சென்சாரின் சர்க்யூட்டுக்குரிய பி0180 என்ற குறியீடு தோன்றியதும் சென்சாரை மாற்றிவிடுவது பட்டறைகளில் பரவிய வழக்கம். வண்டிக்காரருக்கு வீண்செலவு வைக்கும் அந்த வழக்கத்தை நான் அநீதி என்றே கருதுகிறேன். அக்குறியீடு குறை கூறுவது சர்க்யூட் முழுவதையுமே அன்றி, சென்சாரை மட்டும் அன்று. கம்ப்யூட்டர் ஒரு தடையின் வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சாரின் தடைக்கேற்ப அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறது; கம்பி அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நின்று கடுங்குளிராகத் தோன்றும், கம்பி பாடியில் உரசினால் வோல்டேஜ் பூஜ்யமாகி அனல் கொதிப்பதாகத் தோன்றும்.

ஆதலால் விவேகமுள்ள மெக்கானிக் முதலில் சென்சாரின் வயர் பிளக்கைக் கழற்றி, ஸ்கேனர் காட்டும் உஷ்ணத்தைப் பார்க்கிறார். பெரும்பாலான வண்டிகளில் அது மைனஸ் 40 டிகிரி அளவுக்கு இறங்கும். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் எண் உச்சத்துக்குப் பாய வேண்டும். இரண்டும் நடந்தால் வயரிங்கும் கம்ப்யூட்டரும் நிரபராதிகள். அப்போது சென்சாரின் தடையை மல்டிமீட்டரால் அளந்து, கம்பெனி புத்தகத்து அட்டவணையோடு ஒப்பிடலாம். நடக்காவிட்டால், டாங்கியை இறக்கும் முன்பு, சேறும் நீரும் படும் இடத்திலுள்ள அந்தப் பிளக்கின் ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.