டேவிஸ் கோப்பையில் இந்தியா

டேவிஸ் கோப்பை, நாடுகளின் ஆடவர் அணிகள் மோதும் பன்னாட்டு டென்னிஸ் போட்டி. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவரான டுவைட் டேவிஸ் தன் பணத்தில் வெள்ளிக் கோப்பை ஒன்றைச் செய்வித்து, 1900இல் இதைத் தொடங்கிவைத்தார். பாஸ்டனில் நடந்த முதல் போட்டியில் அமெரிக்கா பிரிட்டனை 3-0 என வென்றது. நெடுங்காலம், ஒவ்வொரு மோதலிலும் நான்கு ஒற்றையர் ஆட்டங்கள், ஓர் இரட்டையர் ஆட்டம் என ஐந்து ஆட்டங்கள் மூன்று நாள் நடந்தன. மூன்றை வென்ற அணிக்கு வெற்றி. 1971 வரை, முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற நாடு இறுதிச் சுற்றில் மட்டும் ஆடினால் போதும். மற்ற நாடுகள் மண்டலம் மண்டலமாக வென்று அதனிடம் வந்து சேர வேண்டும்.

இந்தியா முதன்முதலாகக் களமிறங்கியது 1921இல். அகில இந்திய லான் டென்னிஸ் சங்கம் தோன்றி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. முகமது சலீம், எஸ்.எம். ஜேக்கப் முதலியோர் இருந்த அணி பாரிஸில் பிரான்சை 4-1 என வீழ்த்தி, அடுத்துச் சிகாகோவில் ஜப்பானிடம் தோற்றது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

நிலைமையை மாற்றியவர் ராமநாதன் கிருஷ்ணன். 1937இல் நாகர்கோவிலில் பிறந்த அவருக்குத் தந்தை டி.கே. ராமநாதனே பயிற்சியாளர். 1953இல், பதினாறு வயதிலேயே, டேவிஸ் கோப்பை அணிக்கு வந்தார். மறு ஆண்டு விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். தொழில்முறை ஆட்டத்துக்கு வரும்படி அதன் அமைப்பாளர் ஜாக் கிராமர் 1,50,000 டாலர் தர முன்வந்தபோது கிருஷ்ணன் மறுத்துவிட்டார். தொழில்முறை வீரர்களுக்கு அன்று டேவிஸ் கோப்பையிலும் விம்பிள்டனிலும் இடமில்லை என்பதை நினைத்தால், அந்த மறுப்பால் நாட்டுக்குக் கிடைத்தது எவ்வளவு என்பது புரியும். டேவிஸ் கோப்பையில் மட்டும் அவர் 69 ஆட்டங்களை வென்றார்.

அவற்றுள் தலையாயது 1966 டிசம்பரில் கல்கத்தா சவுத் கிளப் புல்தரையில் நடந்தது. மண்டலங்களுக்கிடையிலான இறுதிப் போட்டியில் இந்தியாவும் பிரேசிலும் 2-2 எனச் சமநிலையில் இருந்தன. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனுக்கு எதிரே தாமஸ் கோக். மூன்று செட் முடிவில் இரண்டைக் கோக் எடுத்திருந்தார். நான்காவதிலும் 5-2 என முன்னே இருந்தார். இன்னும் ஒரு கேம் கிடைத்தால் பிரேசில் இறுதிச் சுற்றுக்காக மெல்போர்னுக்குப் போயிருக்கும். கிருஷ்ணன் அங்கிருந்து தொடர்ந்து ஐந்து கேம்களை வென்று அந்தச் செட்டைப் பறித்தார். ஐந்தாவது செட்டை 6-2 என எளிதாகவே முடித்தார். 3-6, 6-4, 10-12, 7-5, 6-2 என்ற அந்தக் கணக்கு இந்திய டென்னிஸ் ரசிகர்கள் பலருக்கு இன்றும் மனப்பாடம். இவ்வாறு இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. மெல்போர்னின் கூயோங் அரங்கில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி இரட்டையரில்: கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் ஜான் நியூகோம்ப், டோனி ரோச் இணையைத் தோற்கடித்தார்கள். நியூகோம்ப்-ரோச் இணை முந்தைய ஆண்டுதான் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்றிருந்தது.

எட்டு ஆண்டு கழித்து, சென்னையின் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இரண்டாவது இறுதிக்கு வழி திறந்தார்கள். 1974இல் கல்கத்தாவில் இந்தியா ஆஸ்திரேலியாவை 3-2 என வென்றது. செட்டை நீளவிடாமல் முடித்துவைக்கும் டைபிரேக் முறை டேவிஸ் கோப்பைக்கு வராத காலம் அது. சகோதரர்கள் வென்ற இரட்டையர் ஆட்டத்தின் கணக்கு 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. அதாவது ஒரே ஆட்டத்தில் 99 கேம்கள். ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து 327 கேம்கள் ஆடப்பட்டது சாதனையாகப் பதிவானது. பிறகு பூனாவில் சோவியத் யூனியனையும் வென்று இந்தியா இறுதியை எட்டியது.

இறுதியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்தும் நாட்டுடன் விளையாடுவதில்லை என்ற அரசின் கொள்கைப்படி இந்தியா விலகிக்கொள்ள, ஆடாமலேயே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இறுதிச் சுற்று நடக்காமல் கோப்பை கைமாறியது போட்டியின் வரலாற்றில் அதுவே முதல்முறை. இந்திய அணிக்குக் கோப்பையை வெல்லும் வலு இருந்தது. ஆட்டக்காரர்களுக்கு அது பேரிழப்புதான். ஆனாலும் இந்தியா தன் விளையாட்டு வரலாற்றில் எடுத்த மிக நேர்மையான முடிவுகளில் அது ஒன்று.

மூன்றாவது இறுதி 1987இல். இம்முறை விஜய், ஆனந்துடன் ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் இருந்தார். டெல்லியில் அர்ஜென்டினாவை 3-2 என வென்ற பிறகு இஸ்ரேலும் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவுடனான அரையிறுதி சிட்னியில், புல்தரையில். ரமேஷ் முதலில் ஜான் பிட்ஜெரால்டை வென்றார். 2-2 என்ற நிலையில் வந்த கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை 8-6, 6-4, 6-4 என வென்று ஆஸ்திரேலியாவை வெளியேற்றினார். வேகமான சர்வீஸ் அவரிடம் கிடையாது. பந்தை இடம் பார்த்து வைக்கும் கைத்திறன் தந்தையிடமிருந்து வந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போட்டியை நடத்தும் நாட்டுக்குத்தான். இறுதி நடந்த கோத்தன்பர்க் உள்ளரங்கில் ஸ்வீடன் களிமண் தரையை அமைத்தது. மேட்ஸ் விலாண்டரும் ஆண்டர்ஸ் ஜாரிடும் இருந்த அணி அத்தரையில் 5-0 என வென்றது.

1993இல் பிரான்சின் பிரெஜு நகரில், களிமண் தரையிலேயே, இந்தியா 3-2 என வென்று அரையிறுதிக்குச் சென்றது. அந்த அணியில் ரமேஷுடன் ஆடிய லியாண்டர் பயஸ் கல்கத்தாக்காரர். ஆட்டத்தைக் கற்றது சென்னையில் அமிர்தராஜ் குடும்பம் நடத்திய பயிற்சிப் பள்ளியில். பயஸ் 2018இல் தம் 43ஆவது இரட்டையர் வெற்றியைப் பெற்று, இத்தாலியின் நிக்கோலா பியட்ராஞ்செலி வைத்திருந்த உலகச் சாதனையை முறியடித்தார்.

2009இல் பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சென்னைக்கு வர ஆஸ்திரேலியா மறுத்ததால், ஆடாமலேயே இந்தியா முன்னேறியது. அதே ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவை 4-1 என வென்று, பதினோரு ஆண்டுக்குப் பின், முதல்நிலை அணிகள் ஆடும் உலகப் பிரிவுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு சென்னை நுங்கம்பாக்கம் அரங்கில் பிரேசிலிடம் 0-2 எனப் பின்தங்கிய இந்தியா, 3-2 என மீண்டது. கடைசி ஆட்டத்தை வென்றவர் ரோஹன் போபண்ணா.

2019இல் போட்டியின் அமைப்பே மாறியது. இறுதிக் கட்டம் முழுவதும் ஒரே இடத்தில் நடக்கத் தொடங்கியது. ஐந்து செட் ஆட்டங்கள் மூன்று செட்டாகச் சுருங்கின. உள்ளூர்த் தரை, உள்ளூர்க் கூட்டம் என்ற அனுகூலம் இறுதிக் கட்டத்தில் பெரும்பாலும் மறைந்துபோனது. டேவிஸ் கோப்பையின் உயிர்நாடியாக இருந்தது அதுதான்.

2024இல் இந்திய அணி அறுபது ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் சென்று, இஸ்லாமாபாதில் 4-0 என வென்றது. தொடக்க நாளின் இரு ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றவர்கள் தமிழகத்தின் ராம்குமார் ராமநாதனும் ஸ்ரீராம் பாலாஜியும். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் மதுரையைச் சேர்ந்த தக்ஷிணேஸ்வர் சுரேஷ் தம் முதல் டேவிஸ் கோப்பை ஆட்டத்தை வென்றார். சுமித் நாகலின் இரு வெற்றிகளும் சேர, இந்தியாவுக்கு 3-1 என வெற்றி. ஐரோப்பிய மண்ணில் ஐரோப்பிய அணி ஒன்றை இந்தியா வென்றது, 1993ஆம் ஆண்டின் பிரெஜு வெற்றிக்குப் பிறகு அதுவே முதல்முறை.