குப்பத்துக்கு வந்த அனிமே

சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நொச்சிக்குப்பம் போன்ற கடலோரக் குடியிருப்புகளில் வண்ணப் பெட்டி பரவலானது 2006இல் அரசு இலவச டிவி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான். அடுத்த ஆண்டே சிறுவர் சேனலான சுட்டி டிவி வந்தது. டோரேமான், ஷின்சான் முதலிய ஜப்பானிய அனிமே தொடர்களும் தமிழ் பேசின. மெரினா லூப் ரோட்டில் மீன் விற்க உட்காரும் தாய்க்கு, பிள்ளையை ஓரிடத்தில் இருத்திவைக்க அந்தப் பெட்டி கைகொடுத்தது.

அந்தப் பிள்ளைகளில் ஆட்டிசம் உள்ளவர்களும் உண்டு. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது; முழு உரிமைச் சட்டத்துக்குள் வர 2016 ஆயிற்று. பெட்டி வந்த வேகத்தில் உதவி வரவில்லை.

கேட்ட வசனத்தைப் பிற்பாடு அப்படியே ஒப்பிப்பது ஆட்டிசக் குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுவது. 1943இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே அது பதிவாகியுள்ளது. வெறும் கிளிப்பேச்சு என்று நெடுநாள் தள்ளிவைத்தார்கள். அதற்குள் பொருள் இருக்கிறது என்று 1980களில் பேச்சு-மொழி ஆய்வாளர் பேரி பிரைசண்ட் காட்டினார். பசிக்கிறது என்று சொல்ல வராத குழந்தை, கார்ட்டூனில் சாப்பாட்டுக் காட்சியில் வரும் வசனத்தைச் சொல்லும். சுற்றிலும் ‘இன்னா’ என்று பேசும் வீட்டில் அது மட்டும் ‘என்ன’ என்று டப்பிங் தமிழில் கேட்கும். அதைப் பேச்சாகவே ஏற்றுப் பதில் சொல்வதுதான் முறை.

அனிமேயில் உணர்ச்சி முகத்திலேயே பெரிதாக வரையப்படுகிறது: அகன்ற கண், நெற்றியில் புடைத்த நரம்பு, ஒரு சொட்டு வியர்வை. இத்தகைய தெளிவு உதவும் என்பதற்குப் பிரிட்டனில் சான்று கிடைத்தது. மனித முகம் பொருத்திய வண்டிகள் வரும் ‘தி டிரான்ஸ்போர்ட்டர்ஸ்’ என்ற அனிமேஷன் தொடரை, 4 முதல் 7 வயது வரையிலான 20 ஆட்டிசக் குழந்தைகள் நான்கு வாரம் தினமும் பார்த்தார்கள். முகக்குறி அறியும் திறன் கூடியது.

கேடும் உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்ன, சுமார் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வலிப்பு நோய் ஆட்டிசக் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுவதால் இந்த எச்சரிக்கை அவர்களுக்கு முக்கியம்.

ஆகவே பிள்ளையைத் தனியே பார்க்கவிடாமல், பக்கத்தில் அமர்ந்து, வசனத்துக்கு வசனம் பேச ஆள் வேண்டும். உதவி தேடினால், சிறப்புக் குழந்தைகளுக்காக 1985இல் தொடங்கப்பட்ட வித்யாசாகர் அமைப்பு கோட்டூர்புரம் பக்கம் இயங்குகிறது. தூரம் அதிகமில்லை, ஆனால் காலை மீன் வியாபாரத்தை விட்டுத்தான் தாய் பிள்ளையை அங்கே கூட்டிப்போக முடியும்.