மறைக்கப்பட்ட வெண்குன்றுகள்

இங்கிலாந்தின் பீக் மாவட்டம் நடைப்பயணிகளின் நாடாகவே பெரிதும் அறியப்படுகின்றது. ஆயின் அதன் தென்பாகமாகிய வெண் பீக் மேட்டுநிலத்தில், பக்ஸ்ரன் நகரைச் சூழ்ந்த குன்றுகள், உலாவுவோரின் காலடிகளினும் கடப்பாரைக்கும் வெடிமருந்துக்குமே கூடுதலாக ஆட்பட்டவை. ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்த சுண்ணக்கல் இது. மிகத் தூய்மையானது, அத்தூய்மையே இக்குன்றுகளுக்கு வினையாயிற்று.

தொடக்கத்தில் சுண்ணாம்பு உழவரின் தேவையாகவே இருந்தது. புளித்த மண்ணைத் திருத்த அதனை வயல்களில் இட்டனர். சூளையில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்திற் சுடும்போது கரியமிலவாயு நீங்கிவிடுவதால், 100 தொன் தூய கல் 56 தொன் நீறாத சுண்ணாம்பாகக் குறைகின்றது. எஞ்சிய சாம்பலும் கழிவும் கிரின் லோக் குன்றின் சரிவில் மேடுகளாகக் குவிந்தன. அம்மேடுகள் இறுகியபின், சூளைத் தொழிலாளர் அவற்றைக் குடைந்து தம் குடும்பங்களுடன் உள்ளே வாழ்ந்தனர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு சென்ற பயணிகள் நிலத்திலிருந்து புகை எழுவதைக் கண்டு வியந்தனர். வியந்தார்களேயன்றி வருந்தினார்களா என்பது வேறு கேள்வி.

பக்ஸ்ரன் வெந்நீர் ஊற்றுக்களுக்குப் பெயர்பெற்ற உல்லாச நகர். அதன் நிலவுடைமையாளர் டெவன்சயர் கோமகனார். நீராட வந்த செல்வரின் கண்ணுக்கு இச்சூளைகள் உறுத்தலாயின. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிரின் லோவின் சரிவில் மரங்கள் நாட்டப்பட்டன. தழும்பு ஆறவில்லை, மூடப்பட்டது.

அதற்கிடையே தொழில் வேறிடங்களிற் பெருகியது. பெஞ்சமின் அவுட்ரம் என்னும் பொறியியலாளர் அமைத்த பீக் போரஸ்ற் தண்டவாளப் பாதை 1796இல் திறக்கப்பட்டது. டவ் ஹோல்ஸ் கற்குழிகளிலிருந்து பாரமேற்றிய வண்டிகள் சரிவின் ஈர்ப்பினாலேயே பக்ஸ்வேர்த் கால்வாய்த் துறைக்கு இறங்கின. வெறும் வண்டிகளைக் குதிரைகள் மேலிழுத்தன. 1863இல் மில்லர்ஸ் டேலுக்குப் புகையிரதமும் வந்தது. 1891இல் அதுவரை போட்டியிட்ட கற்குழி உடைமையாளர் பலர் ஒரே நிறுவனமாக இணைந்தனர். செசயரில் 1873இல் தோன்றிய புரூனர் மொண்ட் நிறுவனம் உப்புநீர், அமோனியா, சுண்ணக்கல் என்பவற்றைக் கொண்டு சோடா உற்பத்தி செய்தது. கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் சோடா இன்றியமையாதது. ஆகவே பக்ஸ்ரன் கல் உழவரின் தேவை என்ற நிலையைக் கடந்து இரசாயனக் கைத்தொழிலின் மூலப்பொருளாயிற்று.

1951 ஏப்ரில் 17இல் பீக் மாவட்டம் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது இதன் விளைவு தேசப்படத்திலேயே தெரிந்தது. எல்லைக்கோடு மேற்கிலிருந்து உள்நோக்கி ஆழமாக வளைந்து, பக்ஸ்ரனையும் அதன் பெருங் கற்குழிகளையும் வெளியே நிறுத்தியது. நடுவே கடித்தெடுத்தது போன்ற அவ்வடிவத்தை இயற்கை வகுக்கவில்லை. எனினும் எல்லாவற்றையும் வெளியேற்ற முடியவில்லை. 1929இல் தொடங்கிய ஹோப் பள்ளத்தாக்குச் சீமெந்து ஆலை பூங்காவுக்குள்ளேயே நின்றது. அதற்கு 1943இலேயே ஜெப்ரி ஜெலிக்கோ என்னும் நிலத்தோற்றக் கலைஞர் ஐம்பதாண்டுத் திட்டமொன்றை வகுத்திருந்தார். கிரின் லோவில் கோமகனார் கையாண்ட முறையே இங்கும் வந்தது. ஆயின் இம்முறை அகழ்வு முடிந்தபின் நிலம் என்னவாகும் என்பதும் சிந்திக்கப்பட்டது.

மில்லர்ஸ் டேல் வழியாகச் சென்ற புகையிரதப் பாதை 1968இல் மூடப்பட்டு, 1981இல் மொன்சால் நடைபாதையாயிற்று. அதன் ஓரத்தில் பழைய சூளைகள் பெருஞ்சுவர்களாய் நிற்கின்றன. அருகிலுள்ள கைவிடப்பட்ட கற்குழியில், மேல்மண் அகற்றப்பட்டு வளங்குன்றிய தரையில், புல் தழைக்க இயலாமையால் ஓக்கிட் மலர்கள் பூக்கின்றன.