காருக்காகக் கட்டிய சுவர்

வட அமெரிக்க வீடுகளின் கராஜ் முதலில் காருக்கான கொட்டகையாக மட்டுமே இருந்தது. வண்டியின் மேல் மழையும் பனியும் விழாமல் இருந்தால் போதும் என்பதே கட்டியவர்களின் கணக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரோல் தீப்பிடிக்கும் என்ற பயத்தால் அதை வீட்டை விட்டுத் தள்ளி, கொல்லைப்புறத்தில் வைத்தார்கள். மரச்சட்டங்களை நிறுத்தி, வெளிப்பக்கம் பலகை அடித்தால் சுவர் முடிந்தது. உள்பக்கம் பூச்சும் கிடையாது, பலகையும் கிடையாது. பின்னர் கராஜ் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. அப்போதும் வீட்டுச் சுவர்களுக்குக் கிடைத்த கவனம் அதற்குக் கிடைக்கவில்லை. 1921இல் சி. ஜி. ஜான்சன் மேல்நோக்கி மடிந்து ஏறும் கதவை உருவாக்கினார். முன்பக்கச் சுவர் கிட்டத்தட்ட முழுவதும் கதவாகவே மாற, குளிருக்கு இன்னும் பெரிய வழி திறந்தது.

ஆனால் அந்தக் கொட்டகைகளில் மனிதர்கள் தொடக்கத்திலிருந்தே வேலை செய்துவந்தார்கள். ஹென்றி ஃபோர்டு தம் முதல் வண்டியை உருவாக்கியது டெட்ராய்டில் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கொட்டகையில். 1896 ஜூனில் வண்டி தயாரானபோது வாசல் போதாமல் சுவரை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார். 1903இல் ஹார்லியும் டேவிட்சன் சகோதரர்களும் மில்வாக்கியில் தொழில் நடத்தியது 10 அடிக்கு 15 அடி மரக் கொட்டகை ஒன்றில். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது அந்த ஊரில் சாதாரணம்.

வீட்டுச் சுவரில் குளிரைத் தடுக்கும் கலை கராஜை விட மிகப் பழையது. பாஸ்டன் நகரின் டார்செஸ்டர் பகுதியில் 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பியர்ஸ் இல்லத்தின் சுவருக்குள் உலர்ந்த கடற்புல் திணிக்கப்பட்டிருந்தது. பஞ்சானாலும் புல்லானாலும் வேலை செய்வது அதனுள் அசையாமல் சிக்கியிருக்கும் காற்றுதான். கிராமத்து வீடுகளில் மரத்தூள், வைக்கோல், பழைய செய்தித்தாள் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் சுவருக்குள் போயின. மரத்தூளின் அருமையை நியூ இங்கிலாந்துக்காரர்கள் பனிக்கட்டி வியாபாரத்திலும் கண்டிருந்தார்கள். ஃபிரெடெரிக் டியூடரின் பனிக்கட்டி 1833இல் பாஸ்டனிலிருந்து நான்கு மாதப் பயணத்தைத் தாங்கிக் கல்கத்தாவில் இறங்கியது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் 1842இல் அந்த வியாபாரத்துக்காக எழுந்த கட்டடம். அங்கே வெயிலைத் தடுத்த அதே முறைதான் மெயின் மாநிலத்துப் பண்ணை வீட்டில் குளிரைத் தடுத்தது.

மரத்தூளுக்குக் குறைகளும் உண்டு. ஈரம் ஏறினால் அழுகும், சுவருக்குள் நாளடைவில் கீழே அமிழ்ந்து மேல்பாதியை வெறுமையாக்கும், எலிக்கு வீடாகும், தீக்கு இரையாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாஸ்டனின் சாமுவேல் கேபட் நிறுவனம் கடற்புல்லைத் தடித்த காகிதங்களுக்கிடையே மெத்தைபோல் தைத்து விற்றது. உப்புச் சத்து இருந்ததால் அந்தப் புல் எளிதில் தீப்பிடிக்கவில்லை, பூச்சியும் அண்டவில்லை. அருமையான பொருள். ஆனால் 1930களின் தொடக்கத்தில் ஒரு நோய் வட அட்லாண்டிக் கரைகளின் கடற்புல்லைப் பெருமளவில் அழித்தது. இதற்கிடையே 1897இல் இண்டியானாவின் அலெக்சாண்ட்ரியாவில் சார்ல்ஸ் கோரிடன் ஹால் சுண்ணாம்புப் பாறையை உருக்கி, நீராவியால் ஊதி, பாறைப் பஞ்சு செய்யத் தொடங்கியிருந்தார். 1932இல் ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடி நிறுவனத்தின் ஆய்வில் உருகிய கண்ணாடி நுண்ணிய இழைகளாகப் பிரிந்தது. 1938இல் அந்த நிறுவனமும் கார்னிங்கும் சேர்ந்து ஓவன்ஸ்-கார்னிங் ஃபைபர்கிளாஸைத் தொடங்கின. மரச்சட்டங்களின் இடைவெளிக்கு அளவாக வெட்டிய இளஞ்சிவப்புக் கண்ணாடிப் பஞ்சுதான் இன்றும் கராஜ் சுவர்களில் அதிகம் தென்படுவது.

பஞ்சு வைத்ததும் எதிர்பாராத தொல்லை ஒன்று முளைத்தது. 1930களில் வெப்பக்காப்பு செய்த வீடுகளின் வெளிச்சுவரில் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. பெயின்டர்கள் பஞ்சைக் குற்றம் சொன்னார்கள், பஞ்சு விற்றவர்கள் பெயின்டைக் குற்றம் சொன்னார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ரௌலி குளிரறைக்குள் சிறு மாதிரி வீடுகளை வைத்துச் சோதித்தார். வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்றில் ஈரம் அதிகம். சமையலும் மூச்சும் துணி துவைப்பதும் அதைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். பஞ்சு இல்லாத காலத்தில் வெப்பம் கசிந்து வெளிப்பலகையையும் ஓரளவு சூடாக வைத்திருந்தது. பஞ்சு வந்தபின் அந்தப் பலகை உறைகுளிருக்குப் போனது. சுவருக்குள் நுழைந்த நீராவி அதன் உள்முகத்தில் உறைபனியாகப் படிந்தது, வெயில் பட்டதும் உருகி மரத்தை நனைத்தது. இதற்குத் தீர்வாக, பஞ்சின் சூடான பக்கத்தில் நீராவியைத் தடுக்கும் ஒரு படலம் வேண்டும் என்ற விதி பிறந்தது. முதலில் அது தார் பூசிய காகிதம், பிறகு பாலித்தீன் தாள். நீராவி சுவருக்குள் போவது பெரும்பாலும் காற்றுக் கசிவோடுதான் என்பது தெளிவாக இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

கராஜ் பட்டறைக்கு இந்த ஈரக் கணக்கு வீட்டை விடக் கடுமையானது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிவரும். புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரை இரண்டு மணி நேரம் ஏற்றிவிட்டு வேலை செய்தால் அத்தனை ஈரமும் அறைக்குள்தான் சுற்றும். வாரம் முழுவதும் உறைந்து கிடந்த வார்ப்பிரும்பு ரம்ப மேசை அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அதன் மேல் பனித்துளி அரும்பி, மறுநாளே செம்பழுப்புத் துரு படியும். கார் தன் சக்கர வளைவுகளில் சுமந்து வரும் பனி உருகித் தரையில் ஓடுவது இன்னொரு பக்கம். வெள்ளை மரப்பசையோ 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. காய்ந்தபின் சுண்ணாம்புபோல் வெளுத்து, தட்டினால் விட்டுவிடும். நீர் கலந்த வார்னிஷ் டப்பாவில் உறைந்தால் பெரும்பாலும் கெட்டதுதான். மனிதன் கம்பளி போட்டுச் சமாளித்தாலும் பொருள்கள் சமாளிக்காது என்பதே கராஜுக்கு வெப்பக்காப்பைத் தேடவைத்த உண்மையான காரணம்.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தத் தேவை பெருகியது. 1947இல் சந்தைக்கு வந்த ஷாப்ஸ்மித், ரம்பமாகவும் கடைசல் இயந்திரமாகவும் துளைக்கருவியாகவும் மாறும் ஒரே இயந்திரம். ஒரு கார் நிற்கும் இடத்தின் மூலையிலேயே தச்சுப்பட்டறை அமைந்துவிடும். ஆனால் எண்ணெய் மலிவாகக் கிடைத்தவரை சுவரைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. குளிர்ந்தால் ஹீட்டரைக் கூட்டினார்கள்.

1973இன் எண்ணெய் நெருக்கடி அந்தப் பழக்கத்தை முறித்தது. கனடா அரசு 1977இல் வீட்டு வெப்பக்காப்புக்கு மானியம் தந்தது. அதே ஆண்டு ரெஜைனாவில் எழுந்த சஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸ், தடித்த சுவரும் காற்றுப் புகாத கட்டுமானமும் சேர்ந்தால் வழக்கமான உலையே தேவைப்படாது என்று காட்டியது. அமெரிக்காவில் 1979இல் வெப்பத் தடையின் அளவான ஆர் மதிப்பை விற்பவர்கள் ஒரே முறையில் அளந்து அறிவிக்க வேண்டும் என்று விதி வந்தது. அவசரத்தில் தவறுகளும் நடந்தன. சுவருக்குள் பீய்ச்சிய யூரியா ஃபார்மால்டிஹைடு நுரையிலிருந்து கண்ணை எரிக்கும் வாயு கசிந்ததால் கனடா அதை 1980இல் தடைசெய்தது. பல்லாண்டுகளாக மாடிக்கூரைகளில் கொட்டப்பட்டிருந்த வெர்மிகுலைட்டில் பெரும்பகுதி மொன்டானாவின் லிபி சுரங்கத்தைச் சேர்ந்தது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990இல் மூடப்படுவதற்குள் தொழிலாளர்களும் ஊர்மக்களும் ஏராளமாக நோயுற்றிருந்தார்கள். பழைய கராஜின் பரணைப் பிரிப்பவர் சாம்பல்நிற மினுக்குத் துகள்களைக் கண்டால் தொடாமல் விடுவதே நல்லது.

தெர்மோகோல் வகை நுரைப்பலகைகள் கராஜுக்கு வசதியாக இருந்தன. ஒரு அங்குலத் தடிப்பில் கண்ணாடிப் பஞ்சைவிட அதிகம் தடுக்கும், நனைந்தாலும் பெரிதாகக் கெடாது. ஆனால் தீப்பிடித்தால் கரும்புகையோடு வேகமாக எரியும். அதனால் அதன் மேல் அரை அங்குல ஜிப்சம் பலகை போன்ற மறைப்பு வேண்டும் என்று கட்டட விதிகள் வற்புறுத்தின. மரத்தூளும் வெல்டிங் பொறியும் உள்ள இடத்தில் இந்த விதியைத் தட்டிக்கழிப்பது உயிருக்கு ஆபத்து. வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவிலுள்ள சுவரின் கதையும் அப்படியே. தீயைத் தடுக்க அதில் முன்பே ஜிப்சம் பலகை இருந்தது. கார்பன் மோனாக்சைடும் பெட்ரோல் ஆவியும் சிறு விரிசல் வழியாக வீட்டுக்குள் இழுக்கப்படுவது தெரிந்தபின், அந்தச் சுவரைக் காற்றுப் புகாமல் அடைப்பதும் கட்டாயமாயிற்று.

நடைமுறையில் இன்று வேலை செய்யும் வரிசை இந்த வரலாற்றின் பாடங்களிலிருந்து வந்தது. முதலில் சட்டத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே காற்று நுழையும் சந்துகளை அடைப்பார்கள். அடுத்தது கூரை, பிறகு சுவரின் 3½ அங்குல இடைவெளியில் ஆர்-13 பஞ்சு. கதவு கடைசிவரை தொல்லை தரும். இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நிரப்பிய கதவுகள் ஆர்-12, ஆர்-18 என்று விற்கப்பட்டாலும் அந்த அளவு பலகையின் நடுப்பகுதிக்கு மட்டுமே பொருந்தும். மடிப்புகளிலும் ஓரங்களிலும் காற்று புகும், ஆகவே ரப்பர் பட்டைகளின் தரமே பாதிப் பலனைத் தீர்மானிக்கும். எஞ்சியது தரை. உருகிய பனி ஓடட்டும் என்று அது வாசலை நோக்கிச் சரிவாக வார்க்கப்பட்டிருக்கும். கார் நிற்கும்வரை அதைத் தொடுவது கடினம். கார் நிரந்தரமாக வெளியே போன வீடுகளில் மட்டும் சரிவைச் சமன்செய்து, நுரைப்பலகை விரித்து, மேலே ஒட்டுப்பலகை அடிக்கிறார்கள்.