கொள்ளைநோய் அச்சமும் மனநலமும் (விருதுநகர் மாவட்டம்)

கொள்ளைநோய் பரவும் காலத்தில் நோயுற்றாரோடு நோயுறாதாரையும் பற்றிக்கொண்டு, நோய் தணிந்த பின்னும் தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, மனச்சோர்வு, பிறரைக் கண்டு ஒதுங்குதல் முதலிய வடிவங்களில் நீடிக்கும் மனக்கலக்கம் கொள்ளைநோய் அச்சம் எனப்படும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இதன் பழைய வடிவம் பெரியம்மையோடு பிணைந்தது.

பெரியம்மையை மக்கள் நோய் என்று சொல்லத் தயங்கி, 'அம்மா வந்திருக்கிறாள்' என்றும், கொப்புளங்களை 'முத்து' என்றும் வழங்கினர். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகப்பட்டது; அடுப்பில் தாளிதம் நிறுத்தப்பட்டது; வெளியார் உள்ளே நுழைவதைத் தவிர்த்தனர். முத்து இறங்கத் தொடங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரை மூன்று முறை தலைக்கு ஊற்றினர். மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் அம்மை இறங்கிவிட்டதாகக் கொள்ளப்பட்டது. பின்னர், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்திலுள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் நேர்த்திக்கடன் செலுத்தப்பட்டது. இவ்வழக்கம் நோயாளியைத் தனிமைப்படுத்தியும் அவரை இழிவுபடுத்தவில்லை என்பதாலும், அச்சத்துக்கு ஒரு பெயரும் முடிவுநாளும் தந்தது என்பதாலும், இதனை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளுவது பொருந்தாது. ஆயினும் அம்மையை ஒழித்தது தடுப்பூசியே. இந்தியா பெரியம்மையற்ற நாடாக 1977இல் அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சாவுக்கு இத்தகைய சடங்கு உருவானதாகத் தெரியவில்லை.

கொரோனாவிலும் மூன்றாம் தண்ணீர் போன்றதொரு முடிவுநாள் இல்லை. 2020 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த ஊரடங்கில் இவ்வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகள் மூடப்பட்டபோது, செய்த உருப்படிக்குக் கூலி பெறுவோருக்கு நோயச்சமும் பிழைப்பச்சமும் ஒன்றாயின. ஆண்டு முழுவதும் தீபாவளியை எதிர்நோக்கி இயங்கும் தொழிலில், அவ்வாண்டு தீபாவளிக்கு டெல்லியும் ராஜஸ்தானும் பட்டாசுக்கு விதித்த தடை பேரிடியாயிற்று. தொற்றைப் பற்றிய கவலையினும் வேலைக்கு முன்பே வாங்கிய முன்பணக் கடனைப் பற்றிய கவலையே நெடுநாள் நீடிக்கும் தன்மையது. பெருந்தொற்றின் முதலாண்டில் உலகெங்கும் பதற்றமும் மனச்சோர்வும் ஏறத்தாழ 25 விழுக்காடு கூடியதாக உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிட்டது.

கொரோனாவுக்கான உலக அளவிலான நெருக்கடிநிலை 2023 மே 5 அன்று விலக்கப்பட்டது. அச்சம் இன்னும் நீடிப்போர், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்திய அரசின் டெலி மனஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.