பிரான்சிஸ் சவேரியாரின் வேணாட்டுக் கரை நடைப்பயணம் (1544)

இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் (1506–1552) 1544ஆம் ஆண்டின் இறுதியில் வேணாட்டு அரசின் கடற்கரையில் மீனவரான முக்குவரின் ஊர்களில் நடந்து சென்று திருமுழுக்கு வழங்கிய பயணம் இது. ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக 1545 ஜனவரி 27 அன்று கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார். நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு முதல் குமரி மாவட்டத்துப் பள்ளம் வரையுள்ள ஊர்களை இப்பயணத்தோடு இணைத்துச் சொல்வது வரலாற்று மரபு. கொல்லங்கோடு, வள்ளவிளை, தூத்தூர், இனயம், குளச்சல், கடியபட்டணம், முட்டம் ஆகியவை அவற்றுள் சில.

பின்னணி

1542 மே மாதம் கோவாவுக்கு வந்த சவேரியார், அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்குச் சென்றார். அங்குள்ள பரதவர் 1530களிலேயே போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறிஸ்தவர்களாகியிருந்தனர். உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு சவேரியார் முதன்மையான செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். 1544 ஜூனில் விசயநகரப் படையினரான வடுகர் குமரிமுனைப் பகுதியைச் சூறையாடினர். தோணிகளில் உணவு கொண்டுபோக முயன்ற சவேரியாரை எதிர்க்காற்று தடுத்தது. பின்னர் அவர் தரைவழியே நடந்து சென்று பாதிக்கப்பட்ட குமரிமுனை மக்களைப் பார்த்தார்.

வடுகரால் ஏற்பட்ட இந்த நெருக்கடியில் வேணாட்டு அரசரும் போர்த்துக்கீசியரின் நட்பை நாடினார். முக்குவர் மதம் மாற அவர் இசைந்ததே பயணத்துக்கு வழி திறந்தது.

நடையும் முறையும்

நவம்பரில் முத்துக்குளித்துறையின் மணப்பாட்டிலிருந்து புறப்பட்ட சவேரியார், டிசம்பர் நடுவில் கொச்சியை அடைந்தார். ஊர்தோறும் அவர் கையாண்ட முறையை அவரது கடிதம் விவரிக்கிறது. ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே கூட்டி, விசுவாச அறிக்கையையும் கட்டளைகளையும் அவர்கள் மொழியிலேயே சொல்லிக்கொடுப்பார். இசைவு கேட்டபின் திருமுழுக்கு அளித்து, புதிய பெயரை எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். அதன்பின் பழைய வழிபாட்டிடங்களை இடிக்கச் செய்வார். செபங்களின் படியொன்றை ஊரில் விட்டுவிட்டு அடுத்த ஊருக்கு நடப்பார்.

அவர் இக்கரையில் இருந்த காலத்தில்தான் யாழ்ப்பாண மன்னர் சங்கிலி மன்னாரில் புதிய கிறிஸ்தவர்கள் பலரைக் கொல்வித்தார். மன்னார் மக்கள் சவேரியாரை அழைத்திருந்தும் அவரால் போக இயலவில்லை. தமக்குப் பதிலாக வேறொரு குருவையே அனுப்பியிருந்தார்.

பயணத்துக்குப் பின்

ஒரு மாத நடை நிலைபெற, ஊரில் தங்குவோர் தேவைப்பட்டனர். கொச்சியை அடைந்ததும் 1544 டிசம்பர் 18 அன்று துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய சவேரியார், புதிய கிறிஸ்தவர்களைச் சென்று காணவும் ஊர்களில் ஆசிரியர்களை அமர்த்தவும் பணித்தார். செபம் சொல்லிக்கொடுத்து வழிபாட்டைக் கவனித்த உள்ளூர்ப் பணியாளர்கள் கணக்கப்பிள்ளைகள் எனப்பட்டனர். பின்வந்த இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் தமிழை ஆழ்ந்து கற்று, செபங்களின் பிழைகளைத் திருத்தினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று.

மரபுக் கதைகள்

படையெடுத்து வந்த வடுகரைச் சவேரியார் சிலுவையை உயர்த்தித் தடுத்தார் என்ற கதை பிற்காலப் புனிதர் வரலாறுகளில் இடம்பெறுகிறது. 1545 ஜனவரிக் கடிதத்தில் அது இல்லை. 1622இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. டிசம்பர் 3இல் நிறைவுறும் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவுக்குக் குமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது.

எல்லைகள்

1956 நவம்பர் 1 அன்று இக்கரையிலுள்ள விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. இதனால் பழைய நடைவழி பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே இரண்டாகப் பிரிந்தது. திருச்சபை நிர்வாகம் இக்கோட்டைப் பின்பற்றவில்லை. 1930இல் கோட்டாறு, 1937இல் திருவனந்தபுரம், 1996இல் நெய்யாற்றின்கரை எனத் தனித்தனி மறைமாவட்டங்கள் உருவானபோதும், தமிழ்நாட்டிலுள்ள தூத்தூர் வட்டாரக் கடற்கரைப் பங்குகள் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்திலேயே நீடிக்கின்றன.