24 பிட் பாட்டை யார் திறப்பது?



வீட்டிலுள்ள பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றப் போகிறோம், எந்த வடிவத்தில் சேமிப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விளம்பரங்களில் வரும் "24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்" என்றால் என்ன என்றும் கேள்வி. இதற்குப் பின்னால் நல்ல வரலாறு ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1982இல் சோனியும் பிலிப்ஸும் சிடியைக் கொண்டுவந்தபோது, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதினார்கள். அதென்ன 44,100? அந்நாளில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிவு செய்தார்கள். படத்தின் ஒரு கோட்டில் 3 அளவுகள், 245 கோடுகள், நொடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய வீடியோவுக்கு 3 × 294 × 50. விடை அதேதான்! மனிதக் காது கேட்கும் உச்சம் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்குக்குமேல் அளந்தால் போதும் என்பது நைக்விஸ்ட், ஷானன் தந்த கணக்கு.

இன்னும் நுட்பமாக அளக்கலாமே என்று 1999இல் சூப்பர் ஆடியோ சிடியும், அடுத்த ஆண்டு டிவிடி ஆடியோவும் கடைக்கு வந்தன. ஒலி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நகலெடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பூட்டுப் போட்டே விற்றார்கள். சூப்பர் ஆடியோ சிடியின் உயர்தர அடுக்கைச் சாதாரணக் கணினியின் டிரைவால் படிக்கவே முடியாது. மக்களோ அப்போதுதான் பாட்டுகளைக் கணினியில் நூலகம்போல அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆப்பிளின் ஐடியூன்ஸ் வந்தது 2001 ஜனவரியில். இடம் மிச்சமாக வேண்டுமென்று ஒலியின் ஒரு பகுதியையே வெட்டி எறிந்த எம்பி3 அந்த நூலகத்துக்குள் ராஜநடை போட்டது. உயர்தர ஒலி வாசலிலேயே நின்றது.

அதை உள்ளே கொண்டுவந்தது பெரிய கம்பெனி எதுவும் அல்ல. ஜோஷ் கோல்சன் என்ற நிரலாளர் 2000இல் எழுதத் தொடங்கி, 2001 ஜூலையில் 'ஃபிளாக்' வடிவத்தின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். அடுத்த அளவு இவ்வளவு இருக்கும் என்று கணித்துவிட்டு, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது எழுதி வைக்கும். வருகைப் பதிவேட்டில் வராதவர்களை மட்டும் குறித்துக்கொள்வோமே, அதுபோல. கோப்பு பெரும்பாலும் பாதியளவுக்குச் சுருங்கும். திறந்தால் ஒரு துளி குறையாமல் பழைய ஒலி திரும்பும். 24 பிட்டும் அதில் அடங்கும். உரிமக் கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் தம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் ஐடியூன்ஸ் கடைசிவரை ஃபிளாக்கைச் சேர்க்கவில்லை. 2004இல் ஆப்பிள் 'ஏலாக்' என்று தனக்கென ஒன்றைச் செய்துகொண்டது. 2009இல் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள் ஆப்பிள் பழ வடிவ யுஎஸ்பியில், 24 பிட் ஃபிளாக் கோப்புகளாக விற்பனைக்கு வந்தன. பீட்டில்ஸின் கம்பெனிக்கும் ஆப்பிள் என்றுதான் பெயர். அந்த ஆப்பிளின் கோப்பு இந்த ஆப்பிளின் நூலகத்தில் திறக்காது! 2011இல் ஏலாக்கின் நிரலையும் ஆப்பிள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2017இல் அதன் கணினியும் கைப்பேசியும் ஃபிளாக்கைப் படிக்கத் தொடங்கின.

2014இல் எம்கியூஏ என்று இன்னொன்று வந்தது. முழு ஒலியும் கேட்க உரிமம் பெற்ற கருவியோ மென்பொருளோ வேண்டும். டைடல் அதைச் சில ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு, 2024இல் ஃபிளாக்குக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆண்டே எம்கியூஏ நிறுவனம் நொடித்திருந்தது.

சரி, காதுக்கு வித்தியாசம் தெரியுமா? மேயரும் மோரனும் 2007இல் வெளியிட்ட சோதனையில், உயர்தர ஒலியையும் அதையே சிடி தரத்துக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை. காசு சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். 2016இல் லண்டனில் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 52 சதவீதத்துக்குச் சற்று மேல். வித்தியாசம் இருக்கலாம், மிக மிகச் சிறியது. அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஆகவே கேசட்டுகளுக்கு ஃபிளாக்கே போதும். பதியும்போது மட்டும் 24 பிட் வையுங்கள். சத்தம் கூடிச் சிதறாதபடி கொஞ்சம் தாழ்த்தியே பதியலாம். ஐடியூன்ஸ் நூலகம் வைத்திருப்பவர்கள் ஏலாக்காக மாற்றிக்கொள்ளலாம், எந்த இழப்பும் இல்லை. 2024 டிசம்பரில் ஃபிளாக் இணையத் தரநிலை ஆவணமாகவே, 9639 என்ற எண்ணில், வெளியாகிவிட்டது. நாளைக்கு எந்த நிறுவனம் மூடினாலும், அதைப் படித்து யாராவது ஒரு மென்பொருள் எழுத முடியும்.

இன்னொன்று. பழைய எம்பி3 கோப்பில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். தமிழில் பத்து எழுத்துக் குறிகள்கூடத் தாண்டாது. ஃபிளாக்கில் அந்தத் தொல்லை இல்லை. ராகம், தாளம், ஊர் என்று நீங்களே தலைப்புப் போட்டுத் தமிழிலேயே எழுதலாம். பாட்டியின் தாலாட்டை ஏற்றுகிறவர்கள், யார் பாடியது, எந்த ஆண்டு, எந்த வீட்டில் என்பதை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.